பக்தர் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி மாதம் குமரி மாவட்டத்தில் இந்தச் சொல் காதில் விழாமல் ஒரு நாள் கழியாது. மண்டைக்காட்டு அம்மன் கோயில் திருவிழாவான கொடையும், 12 சிவன் கோயில்களுக்கு ஓடிச் செல்லும் சிவாலய ஓட்டமும் அப்போதுதான். "பக்தர்களின் கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கி சொல்லும். "பக்தர்கள் குவிந்தனர்" என்று மறுநாள் செய்தித்தாள் சொல்லும். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் என்ன பொருளில் வழங்கியது என்று நண்பர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளைப் பதில்களோடு இங்கே தருகிறேன்.

பக்தர் என்பதன் நேர்ப்பொருள் என்ன?

இன்றைய பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இறைவனிடம் மாறாத அன்பு வைத்து வழிபடுகிறவர். இது சமஸ்கிருதச் சொல். அங்கே அதன் வடிவம் 'பக்த'. முதல் எழுத்து ப வரிசையின் நான்காம் எழுத்து, மூச்சை அழுத்தி விட்டுச் சொல்ல வேண்டியது. 'பஜ்' என்ற வினையடியோடு 'த' என்ற விகுதி சேர்ந்து 'பக்த' ஆகிறது.

இந்த விகுதி பெரும்பாலும் ஒரு செயல் நடந்து முடிந்ததையும் அதற்கு உள்ளானதையும் காட்டும். அப்படிப் பார்த்தால் 'பக்த' என்பதன் முதற்பொருள் 'பங்கிடப்பட்டது', 'ஒருவருக்கென்று ஒதுக்கப்பட்டது'. ஆளைக் குறிக்கும்போது 'ஒன்றுக்கு உரியவர் ஆகிவிட்டவர், அதில் ஈடுபட்டவர்' என்று விரிகிறது. கடவுளைக் கும்பிடுகிறவர் என்பது இந்த வரிசையில் பிற்பாடு வந்து, மற்றவற்றையெல்லாம் மூடிவிட்ட பொருள்.

பங்கிடுவதற்கும் பக்திக்கும் என்ன தொடர்பு?

இந்தச் சொல்லில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'பஜ்' என்ற வினை சமஸ்கிருதத்தில் இரண்டு வகையாக முடியும். 'பஜதி' என்றால் பங்கிட்டுக் கொடுக்கிறான். 'பஜதே' என்றால் தனக்குரிய பங்கைப் பெற்றுக்கொள்கிறான், அதை அனுபவிக்கிறான், அதை விரும்பித் தேர்ந்துகொள்கிறான். கொடுப்பதும் பெறுவதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. ரிக்வேதத்தில் பகன் என்றொரு தேவன் வருகிறான். மனிதர்களுக்கு அவரவர் பங்கை அளிப்பது அவன் வேலை. அவன் பங்கிட்டுத் தந்த செல்வத்தை முதல் மண்டலத்தின் 24ஆம் பாடல் 'பகபக்த' என்கிறது. அங்கே 'பக்த' என்பதற்கு வழிபாடு என்ற வாசனையே கிடையாது. வந்து சேர்ந்த பங்கு, அவ்வளவுதான்.

பிறகு பொருள் நகர்கிறது. யாரிடமிருந்து பங்கு வருகிறதோ அவரைச் சார்ந்திருப்பது, அவருக்குப் பணி செய்வது, அவரிடம் அன்பு கொள்வது என்று படிப்படியாக விரிகிறது. சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் மரபில் வந்த தாதுபாடம் என்ற வினையடிப் பட்டியல் இந்த வினையடிக்கு 'சேவை' என்றே பொருள் தருகிறது.

நம் ஊர்க் கொடையை நினைத்தால் இது எளிதாகப் புரியும். தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குத் தரும் தொகை) கொடுத்த வீட்டுக்குப் படைப்பில் பங்கு உண்டு. அந்தப் பங்கை வாங்கிக்கொள்வதால்தான் அந்த வீடு அந்தக் கோயிலுக்குச் சொந்தமாகிறது. கொடுத்தது பெரிதா பெற்றது பெரிதா என்று யாரும் பார்ப்பதில்லை. பங்கு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. பக்தர் என்ற சொல்லின் அடியில் இருக்கிற உறவும் இதுதான் என்று நினைக்கிறேன். கைகட்டித் தூரத்தில் நிற்பவரை அல்ல, பந்தியில் இடம் உள்ளவரைத்தான் அந்தச் சொல் முதலில் காட்டுகிறது.

இதே வேரிலிருந்து நாம் பேசும் தமிழில் வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

நிறைய. பாகம், பாக்கியம், பஜனை, விபாகம் எல்லாம் ஒரே குடும்பம். சொத்தைப் பிரித்து எழுதும் பாகப்பிரிவினையில் இருப்பதும் இதே பாகம்தான். பிரியாத கூட்டுக் குடும்பத்தைப் பத்திர மொழியில் 'அவிபக்த குடும்பம்' என்பார்கள். வேற்றுமை உருபுக்கு சமஸ்கிருத இலக்கணத்தில் 'விபக்தி' என்று பெயர்.

இனி முக்கியமான ஒன்று. 'பக' என்றால் பேறு, செல்வம், நல்வாய்ப்பு. அது உடையவர் பகவான். பெண்ணாக இருந்தால் பகவதி. குமரி முனையில் மூக்குத்தியோடு நிற்பவள் பகவதி, மண்டைக்காட்டில் புற்றாக வளர்ந்திருப்பவளும் பகவதி. ஆக, அம்மனின் பெயரும் அவளைப் பார்க்கப் போகிறவர்களின் பெயரும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. பங்கு அவளுடையது, பங்கு பெறுகிறவர்கள் நாம். இதை மண்டைக்காட்டுக்குப் போகும் பெண்களிடம் சொன்னால், "அப்படியா, அது சரிதானே" என்று இயல்பாக எடுத்துக்கொள்வார்கள்.

பகவானைச் சேர்ந்தவர் 'பாகவதர்'. இந்தச் சொல்லுக்குப் பழைய கல்வெட்டுச் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவுக்குப் பக்கத்தில் பெஸ்நகரில் ஒரு கருடத் தூண் நிற்கிறது. தட்சசீலத்திலிருந்து வந்த ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதர் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாசுதேவனுக்காக எழுப்பியது. அதில் அவர் தன்னைப் பாகவதர் என்றே சொல்லிக்கொள்கிறார்.

'பக்தம்' என்றால் சோறு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒருவருக்கு அளந்து ஒதுக்கிய பங்கு, அதாவது உணவு. அதிலிருந்து சமைத்த சோறு. இந்தி, வங்காளம், மராத்தியில் சோற்றைக் குறிக்கும் 'பாத்' இதன் திரிபு. வாங்கிபாத், பிசிபேளாபாத், பகளாபாத் என்று நாம் சொல்லும்போது வருகிற 'பாத்' அதுவேதான்.

பழைய நூல்களில் இந்தப் பொருள் பல இடங்களில் வருகிறது. மனுஸ்மிருதி ஏழு வகை அடிமைகளைப் பட்டியலிடும்போது (8.415) 'பக்ததாசன்' என்று ஒருவனைச் சொல்கிறது. கடவுளுக்குத் தாசன் என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். அவன் சோற்றுக்காக அடிமையானவன்.

பாலி மொழியில் இச்சொல் 'பத்த' ஆகி உணவைக் குறிக்கிறது. பௌத்த மடங்களில் துறவிகளுக்கு உணவு முறை வைத்து ஒதுக்கும் பொறுப்பாளருக்கு இதை வைத்தே பெயர் இருந்தது. சமண நூல்களில் 'பக்த பிரத்தியாக்கியானம்' என்றால் பக்தியைக் கைவிடுவது அல்ல, உணவைக் கைவிட்டு உயிர் நீப்பது. நம் சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டில் சமணர்கள் இருந்ததற்குச் சிற்பங்களும் கல்வெட்டும் சாட்சி. அந்த மரபில் வந்த துறவியிடம் போய் 'பக்தம்' என்று சொன்னால் முதலில் அவருக்குச் சோறுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

பக்தி என்ற சொல் முதலிலிருந்தே கடவுளுக்கு மட்டும்தான் வழங்கியதா?

இல்லை. பாணினியின் இலக்கணத்தில் (4.3.95 முதல்) 'இது இவனுடைய பக்தி' என்ற பொருளில் சொற்களை ஆக்கும் விதிகள் வருகின்றன. அங்கே பக்தி என்றால் ஒருவர் மனம் ஒட்டியிருக்கும் இடம், பற்று. வாசுதேவனிடம் பற்றுள்ளவன் 'வாசுதேவகன்', அர்ஜுனனிடம் பற்றுள்ளவன் 'அர்ஜுனகன்' என்கிறது ஒரு விதி. அதற்குச் சற்று முந்தைய விதிக்கு உரைகாரர் தரும் எடுத்துக்காட்டு 'ஆபூபிகன்': அபூபம் என்ற அப்பத்தில் பிரியம் உள்ளவன். பாயசப் பிரியனுக்கும் அதேபோல ஒரு சொல் உண்டு.

அப்பமும் வாசுதேவனும் ஒரே இலக்கணப் பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மண்டையப்பம் நினைவுக்கு வரும். தலைவலி தீர வேண்டி மண்டைக்காட்டம்மனுக்குப் படைக்கிற அப்பம் அது. அங்கே அப்பத்தின் மேல் உள்ள பிரியத்தையும் அம்மன் மேல் உள்ள பிரியத்தையும் பிரித்தெடுக்க முடியாது, பிரிக்கவும் தேவையில்லை.

உபநிடதங்களில் பக்தி என்ற சொல்லைத் தெளிவாகப் பார்ப்பது சுவேதாசுவதர உபநிடதத்தின் கடைசிச் சுலோகத்தில் (6.23): இறைவனிடம் மேலான பக்தியும், இறைவனிடம் போலவே குருவிடமும் பக்தியும் உள்ளவருக்கு இந்தப் பொருள்கள் விளங்கும் என்கிறது. கீதையில் இந்தச் சொல் நிலைபெற்றுவிடுகிறது. "நீ என் பக்தன், தோழனும்கூட" என்று கண்ணன் அர்ஜுனனிடம் சொல்வது 4ஆம் அத்தியாயத்தில். பக்தனையும் தோழனையும் ஒரே மூச்சில் சொல்கிறான், பாருங்கள்.

தமிழில் இது எப்போது வந்தது?

தேவாரத்திலேயே நன்றாகக் குடியேறிவிட்டது. "பத்தனாய்ப் பாட மாட்டேன் பரமனே பரம யோகீ, எத்தினால் பத்தி செய்கேன்" என்று 7ஆம் நூற்றாண்டில் அப்பர் தில்லையில் பாடுகிறார். பக்தன், பக்தி என்பவற்றின் தமிழ் வடிவங்களான பத்தன், பத்தி இரண்டும் அடுத்தடுத்த அடிகளில் வருகின்றன. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் "பத்தராய்ப் பணிவார்கள் எல்லார்க்கும் அடியேன்" என்கிறார். தனிப்பட்ட அடியார்களைப் பெயர் சொல்லி வணங்கியவர், பெயர் தெரியாத எல்லோரையும் 'பத்தர்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்.

நம்மாழ்வார் "பத்துடை அடியவர்க்கு எளியவன்" என்று தொடங்குகிறார் (திருவாய்மொழி 1.3.1). அங்கே 'பத்து' என்பதற்கு உரைகாரர்கள் பக்தி என்றே பொருள் சொல்வார்கள். இந்த இடத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். ஆழ்வாரின் தாய் உடையநங்கை பிறந்த ஊர் திருப்பதிசாரம் என்பது வைணவ மரபு. திருவண்பரிசாரம் என்று பழம்பெயர் கொண்ட அந்த ஊரின் திருவாழ்மார்பனையும் திருவட்டாற்றுப் பெருமானையும் அவர் பாடியிருக்கிறார். இரண்டும் திவ்ய தேசங்கள், அதாவது ஆழ்வார்கள் பாடிய தலங்கள், இரண்டும் நம் மாவட்டத்தில்.

அதற்கு முன் தமிழில் என்ன சொன்னார்கள்?

அடியார், அன்பர், தொண்டர். இவை பக்தருக்குப் பதிலாக யாரோ பிறகு உருவாக்கிய சொற்கள் அல்ல. தம் கால்களில் நிற்பவை. அடியார் இறைவனின் அடியைச் சார்ந்தவர். தொண்டர் வேலை செய்கிறவர்: உழவாரம் பிடிக்கிறவர், பூ தொடுக்கிறவர். அன்பர் என்பதற்கு விளக்கமே வேண்டாம். பரிபாடலில் முருகனிடம் கேட்பவர்கள் "பொருளும் பொன்னும் போகமும் அல்ல, நின்பால் அருளும் அன்பும் அறனும் மூன்றும்" என்கிறார்கள். பக்தி என்ற சொல் வராமலே அந்த மனம் அங்கே முழுதாக இருக்கிறது.

தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் பெயரை சமஸ்கிருதத்தில் 'பக்தாங்க்ரிரேணு' என்று ஆக்கினார்கள். தொண்டர் என்பதற்கு நேராக அவர்கள் எடுத்த சொல் 'பக்த'. பொருத்தம்தான், ஆனாலும் தொண்டர் என்றதும் தெரிகிற வேலை செய்யும் கை அதில் அவ்வளவாகத் தெரியவில்லை.

இந்தத் தமிழ் வழக்கு நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அய்யாவழியைத் தொடங்கிய சாமித்தோப்பு வைகுண்டரின் வழியில் நடப்பவர்கள் தங்களைப் பக்தர்கள் என்பதைவிட 'அன்புக்கொடி மக்கள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். சாதி பார்த்துக் கிணறு பிரித்த காலத்தில் எல்லோரும் நீரெடுத்த முத்திரிக் கிணறு, எல்லோரும் சேர்ந்து உண்ணும் உம்பான் தர்மம் இரண்டையும் வைத்துப் பார்த்தால், பங்கு என்ற அந்தப் பழைய பொருளை இவர்கள் சொல்லால் அல்ல, செயலால் காத்து வைத்திருக்கிறார்கள்.

பக்தி தமிழ்நாட்டில் பிறந்தது என்பது சரியா?

சொல் சமஸ்கிருதம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊர் ஊராகப் போய், தாய்மொழியில் பாடி, எளியவரையும் சேர்த்துக்கொண்ட இயக்கமாக அது எழுந்தது ஏறத்தாழ 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை, ஆழ்வார் நாயன்மார் காலத் தமிழகத்தில். சமஸ்கிருத நூல் ஒன்றே இதை ஒத்துக்கொள்கிறது. பத்ம புராணத்தில் வரும் பாகவத மாகாத்மியத்தில் பக்தி ஒரு பெண்ணாக வந்து பேசுகிறாள்: நான் திராவிடத்தில் பிறந்தேன், கர்நாடகத்தில் வளர்ந்தேன், மராட்டியத்தில் அங்கங்கே இருந்தேன், குஜராத்தில் மூப்படைந்தேன் என்கிறாள்.

'விபக்தன் அல்லாதவன் பக்தன்' என்று உபந்நியாசத்தில் கேட்டேன். சரியான விளக்கமா?

கேட்க அழகாக இருக்கும். 'விபக்தன்' பிரிந்தவன், ஆகவே 'பக்தன்' இறைவனைப் பிரியாதவன் என்பார்கள். உபதேசமாக ஏற்றுக்கொள்ளலாம். சொற்பிறப்பு அப்படி இல்லை. 'பக்த' என்பதிலேயே பங்கிடுதல் இருக்கிறது. 'வி' என்ற முன்னொட்டு அதைத் தனித்தனியாகப் பிரிப்பதாக அழுத்துகிறது. பக்த என்பது விபக்தவின் எதிர்ச்சொல் அல்ல. எதிர்ச்சொல் வேண்டுமென்றால் முன்பே சொன்ன 'அவிபக்த' இருக்கிறது.

பயபக்தி என்கிறோமே, பக்தியில் பயம் உண்டா?

வேர்ச்சொல்லில் பயம் இல்லை. நாரத பக்தி சூத்திரம் பக்தியை 'மேலான அன்பின் வடிவம்' என்கிறது. சாண்டில்ய சூத்திரம் 'ஈசுவரனிடம் மேலான பற்று' என்கிறது. பாகவதத்தில் பிரகலாதன் சொல்லும் ஒன்பது வகைப் பக்தி கேட்டல், பாடுதல், நினைத்தல், திருவடி தொழுதல், அர்ச்சித்தல், வணங்குதல், தொண்டு, தோழமை, தன்னையே தருதல் என்று போகிறது. பயப்படுதல் அந்த ஒன்பதில் இல்லை. பயபக்தி என்பது நம் பேச்சில் அடக்க ஒடுக்கத்தைக் குறிக்கிற இணைச்சொல். பிள்ளைகளிடம் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்ப்பதற்கு இந்தச் சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

ஏதாவது வேண்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர் பக்தரா?

இதைக் கொஞ்சம் குற்ற உணர்வோடுதான் பலர் கேட்கிறார்கள். தேர்வு, திருமணம், கடன், தலைவலி என்று ஏதோ ஒன்றுக்காகத்தானே போகிறோம், இது பக்தியா வியாபாரமா என்று.

கீதை 7.16 நேரடியாகப் பதில் சொல்கிறது. தன்னை வழிபடுகிறவர்கள் நான்கு வகை என்கிறான் கண்ணன்: துன்பத்தில் இருப்பவர், அறிய விரும்புபவர், பொருள் வேண்டுபவர், ஞானி. ஞானியை உயர்த்திப் பேசினாலும் 7.18இல் "இவர்கள் எல்லோருமே மேலானவர்கள்" என்று சொல்லிவிடுகிறான். எல்லோருமே என்றால் எல்லோருமேதான். மண்டையப்பத்தோடு வரிசையில் நிற்கும் தாயைப் பார்த்து இவள் பக்தை இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தாசன் வேறு, பக்தன் வேறா?

வேறுதான். தாசன் அடிமை அல்லது பணியாள். பக்தன் பங்குள்ளவன், ஈடுபட்டவன். ஒருவரே இரண்டாகவும் இருக்கலாம். பத்மநாபபுரத்தில் இருந்து ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 'ஸ்ரீபத்மநாபதாசன்' என்ற பெயரில் ஆண்டார். அரசியல் கணக்கும் அதில் இருந்தது, பக்தியும் இருந்தது.

சிவாலய ஓட்டக்காரர்களை ஏன் கோவிந்தன்மார் என்கிறார்கள்?

ஓடும்போது "கோவிந்தா, கோபாலா" என்று அழைப்பதால். முன்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று 12 சிவாலயங்களைத் தொட்டு நட்டாலத்தில் முடிக்கிறார்கள். கையில் பனையோலை விசிறி, போவது சிவன் கோயிலுக்கு, வாயில் திருமால் பெயர். முடியும் இடமும் சிவனும் திருமாலும் ஓருருவான சங்கரநாராயணர் கோயில்.

கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்களா?

கிறிஸ்தவர்கள் தாராளமாக. பழைய தமிழ் வேதாகமத்தில் "தேவபக்தியானது ... எல்லாவற்றிலும் பிரயோஜனமுள்ளது" என்று 1 தீமோத்தேயு 4:8இல் இருக்கிறது. கத்தோலிக்கர் செபமாலை, சிலுவைப்பாதை முதலியவற்றைப் 'பக்தி முயற்சிகள்' என்பார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வருகிறவர்களையும் செய்தித்தாள்கள் பக்தர்கள் என்றே எழுதுகின்றன. ஆலயத்துக்குள் இறைமக்கள், விசுவாசிகள் என்ற சொற்கள் அதிகம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிறந்த ஊர், சிவாலய ஓட்டம் முடிகிற அதே நட்டாலம்.

முஸ்லிம்களிடையே இந்தச் சொல் குறைவு. தக்கலை பீர் முகமது அப்பா போன்ற ஞானியரை 'இறைநேசர்' என்பார்கள். அன்பு வைத்தவர் என்பதே அதற்கும் பொருள்.

பட்டர் என்பதும் பக்தர் என்பதும் ஒன்றா?

இல்லை. பட்டர் 'தலைவர், மதிப்புக்குரியவர்' என்ற பொருளுள்ள வேறொரு சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கத்துக் கோயில்களில் பூசை செய்பவரைப் போற்றி என்று அழைப்பதே வழக்கம்.

எழுதும்போது பக்தர் சரியா, பத்தர் சரியா?

இரண்டும் சரி. தமிழ் ஒலி மரபில் க், த் சேர்ந்து வருவதில்லை. ஆகவே பக்தி பத்தியாகவும், முக்தி முத்தியாகவும், சக்தி சத்தியாகவும் மாறின. ரக்தம் என்பது ரத்தம் ஆனதும் இப்படித்தான். தேவாரத்தை மேற்கோள் காட்டும்போது 'பத்தர்' என்றே எழுத வேண்டும், திருத்தக் கூடாது. இன்றைய உரைநடையில் 'பக்தர்' என்று எழுதினால் குழப்பம் வராது. ஏனென்றால் பத்தி என்றால் இப்போது பாராவும் ஆகும், பத்தர் என்றால் நகை செய்பவரும் ஆவார். பெண்ணைக் குறிக்கப் பக்தை என்று எழுதலாம். பன்மையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து பக்தர்கள்.